பின்சீட்டு ஒயர்

இது நடந்தது. போன ஆடியில் நடந்தது.

நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். தேனியை ஒட்டின பழனிசெட்டிபட்டியில், மெயின் ரோட்டு மேலேயே மாரிசெல்வத்தின் எலக்ட்ரிக் கடை இருக்கிறது. பழைய கார் வயரிங் என்றால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும், சமயத்தில் மதுரையிலிருந்தும்கூட அவரைத் தேடித்தான் வருகிறார்கள். அங்கே போய், "அண்ணே, பழைய அம்பாசிடர் ஒண்ணு நிக்குது, வயரிங் பாக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன மாடல் என்று கேட்க மாட்டார். எத்தனை வருஷமாக நிற்கிறது என்றும் கேட்க மாட்டார்.

"அதுல போனவுக எல்லாம் உசுரோட போனவுகதானா?" என்று கேட்பார்.

கிண்டல் இல்லை. பதிலைக் கேட்ட பிறகுதான் பையில் கை வைப்பார்.

ஊர்ப் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். உத்தமபாளையத்தில் பிரிந்து போகிற ஒரு ரோட்டில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், மாதா கோயில் கோபுரம் தூரத்திலிருந்தே தெரிகிற ஊர். அவ்வளவு போதும்.

அந்த ஊரிலிருந்து ஒரு வியாழக்கிழமை காலையில் வின்சென்ட் போன் செய்தார். திராட்சை விவசாயி. இறந்துபோன அவர் அப்பா, இருதயம் என்று பெயர், ஓட்டிய அம்பாசிடர் ஷெட்டில் நிற்கிறது. பதினோரு வருஷமாக யாரும் தொடவில்லை. இப்போது கம்பத்து மெக்கானிக் ஒருவர் இன்ஜினைச் சரி செய்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி ஓடுகிறது. ஒரே ஒரு தொந்தரவு.

"உள்ள ஏதோ ஒரு பஸ்ஸர் தானா அடிக்குதுண்ணே. எங்கேருந்து கரண்டு வருதுன்னே தெரியல. மெக்கானிக் பாத்துட்டு, இது எனக்கு ஆகாதுன்னு போயிட்டாரு."

"அடுத்த வாரம் வாறேன் தம்பி."

"நாளைக்கு வண்டி வேணும்ணே. அம்மா கால் விசயம்."

அம்மா பெயர் பாக்கியம். ஊரில் பாக்கியம்மாள். தோட்டத்தில் முள் குத்தி, சர்க்கரை நோயால் ஆறாமல், வலது கால் பெருவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. தேனி டாக்டர் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டார். தள்ளிப்போனால் முழங்காலோடு போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். பாக்கியம்மாள் அசையவில்லை. வாடகைக் கார் வாசலில் வந்து நின்று இரண்டு தடவை காலியாகத் திரும்பிப் போனது.

"அவுக வண்டியில ஏத்திட்டுப் போனா வாறேன். இல்லாட்டி இங்கனயே கெடந்து போறேன்."

அவ்வளவுதான் அந்த அம்மாவின் பேச்சு. அதனால்தான் வின்சென்ட் அந்த ஷெட்டைத் திறந்தார்.

மாரிசெல்வம் பஸ் பிடித்து அந்த ஊரில் போய் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. சாரல் பிடித்திருந்தது. வானம் பொழுது சாய்ந்த மாதிரி மங்கிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். உள்ளே கறுப்பு அம்பாசிடர். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

ஷெட்டுக்கு எதிரே சமையற்கட்டு ஜன்னல். அதற்குள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் பாக்கியம்மாள்.

"யாருப்பா அது? ஒயர் பாக்க வந்தவனா?"

"ஆமா ஆத்தா."

"பாத்துச் செய்யி. அவுக வண்டி."

மாரிசெல்வம் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். டார்ச் வெளிச்சத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. லைட்டுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, வைப்பருக்கு ஒன்று. எல்லா ஒயருக்கும் ஒரு வேலை இருந்தது. எல்லாம் அந்த வண்டியோடு வந்தவை.

ஒன்று மட்டும் வரவில்லை.

நூல் சுற்றிய பழைய ஒயர். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு பஸ்ஸர். அதிலிருந்து கிளம்பி, கார்ப்பெட்டுக்கு அடியில் நுழைந்து, பின்பக்கமாகப் போனது. கம்பெனி போட்ட ஒயர் இல்லை. யாரோ கையால் பொறுமையாகப் போட்ட ஒயர்.

அப்போதுதான் முதல் தடவை கேட்டார்.

ட்ர்ர்ர்…

நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்.

ட்ர்ர்ர்… ட்ர்ர்ர்…

ஷார்ட் ஆகி அடிக்கிற பஸ்ஸர் இப்படி அடிக்காது. அது கத்திக்கொண்டே இருக்கும், அல்லது விட்டு விட்டுக் கிறுகிறுக்கும். இது அப்படியில்லை. யாரோ அமுக்கி, கையை எடுத்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி அமுக்குகிற மாதிரி இருந்தது.

மாரிசெல்வம் பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். ஒயர் வலது மூலையில் வந்து முடிந்திருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சுவிட்ச் இருந்த இடம் போலத் தெரிந்தது. இப்போது சுவிட்ச் இல்லை. ஒயரை யாரோ அறுத்திருந்தார்கள். கட்டிங் பிளையரால் அறுத்த வெட்டு இல்லை. நசுங்கி, பிசிறடித்துப் போயிருந்தது.

அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அறுந்த முனை வண்டியின் தகரத்தில் படுகிறது, அதனால் பஸ்ஸர் அடிக்கிறது. ரொம்பச் சாதாரணமான விஷயம். டேப்பை எடுத்து முனையைச் சுற்றப் போனார்.

கை நின்றது.

பதினோரு வருஷம் கிடந்த செம்பு. பச்சை பூத்திருக்க வேண்டும். அந்த முனை பளபளவென்று இருந்தது. நாளெல்லாம் யாரோ விரலால் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த மாதிரி.

டேப்பைச் சுற்றினார். ஒன்றுக்கு மூன்று சுற்று.

ட்ர்ர்ர்…

பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். இரண்டு முனையையும் கழற்றினார். பேட்டரியையே தூக்கி ஷெட் தரையில் வைத்தார். இப்போது அந்த வண்டியில் கரண்டு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. டெஸ்ட் லாம்பை எடுத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். எதிலும் பல்பு எரியவில்லை. மஞ்சள் ஒயரிலும் எரியவில்லை.

ஆனால் மஞ்சள் ஒயர் சூடாக இருந்தது.

கரண்டு ஓடிச் சூடான ஒயரை அவருக்குத் தெரியும். அது வேறு சூடு. இது கைச்சூடு.

ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "ஏப்பா, ஒயர் தேட வந்தியா, எலி புடிக்க வந்தியா? வந்ததுல இருந்து குப்புறப் படுத்தே கெடக்க."

"முடிஞ்சது ஆத்தா. இந்தா முடிஞ்சது."

வின்சென்ட் வந்து ஷெட் வாசலில் நின்றார். "கெடச்சுச்சாண்ணே?"

"பாதி கெடச்சிருக்கு. நடுவுல எங்கயாச்சும் ரெண்டாப் பிரியுதான்னு பாக்கணும். நீங்க பின்னாடி போயி அந்த முனையப் புடிச்சுக்கங்க. நான் முன்னாடி இருந்து ரெண்டு தரம் இழுப்பேன். அங்கன வந்து சேந்துச்சுன்னா நீங்களும் ரெண்டு தரம் இழுங்க."

வயரிங் வேலையில் இது வழக்கம். ஆளுக்கு ஒரு முனை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பதில். ஒரே ஒயர்தான் என்று அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள். அதற்குப் பேச்சே வேண்டியதில்லை.

"சரிண்ணே" என்றார் வின்சென்ட்.

மாரிசெல்வம் மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். மழை வலுத்துத் தகரத்தில் கொட்டியது. வெளியே ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் ஒயரை இரண்டு விரலால் பிடித்தார்.

இழுத்தார். ஒன்று… இரண்டு.

பின்னால் இருந்து பதில் வந்தது. ஒன்று… இரண்டு.

நல்லது. ஒரே ஒயர்தான். "போதும் தம்பி, விட்டுருங்க" என்று கத்தினார்.

ஒன்று… இரண்டு.

"போதும்ங்கறேன்ல."

ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு…

ஒயர் அவர் விரல்களுக்கு நடுவில் மெதுவாக நகர ஆரம்பித்தது. பின்பக்கமாக. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி, கை மாற்றிக் கை மாற்றி.

அவர் இறுக்கிப் பிடித்தார்.

அந்தப் பக்கமும் இறுக்கிப் பிடித்தது.

"ஏய், என்ன விளையாட்டு?" என்று கேட்டுக்கொண்டே மாரிசெல்வம் உடம்பை வெளியே உருவித் தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை.

ஒயர் மட்டும் விறைத்து நின்றது. அவர் பார்க்கப் பார்க்கத் தொய்ந்து விழுந்தது.

வின்சென்ட் ஒரு கையில் குடையும் மறு கையில் டீ டம்ளருமாக வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். "அம்மா கூப்பிட்டுச்சுன்னு அப்பவே உள்ள போயிட்டேண்ணே. மழையில நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலையோ… என்ன, இழுத்துப் பாத்துட்டீங்களா?"

மாரிசெல்வம் டீயை வாங்கிக் குடித்தார். பாதி டீ சட்டையில் போனது.

அவர் ஷெட்டுக்குள் திரும்பவில்லை. நேரே சமையற்கட்டு ஜன்னலுக்குப் போனார். "ஆத்தா, அந்த வண்டியில ஒரு பெல்லு இருக்கே. அது எதுக்கு?"



"அது பொணத்துக்கு உள்ள பெல்லு" என்றார் பாக்கியம்மாள்.

"என்னது?"

"அவுக கூடலூர் ஸ்டாண்டுல வண்டி ஓட்டுனாக. மேல குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துல நம்ம சனம் யாராச்சும் செத்தா, கீழ கொண்டாந்து அடக்கம் பண்ணணும்ல. ஒரு டிரைவரும் வர மாட்டான். இவுக போவாக. பின்சீட்டுல கெடத்தி, சேலையப் போத்திக் கொண்டாருவாக. சொந்தக்காரவுக ஜீப்புல பின்னாடி வருவாக. ஒரு தடவ லோயர் கேம்ப்பு தாண்டி வாறப்ப, பின்சீட்டுல இருந்து ஒருத்தி தண்ணி கேட்டுட்டா."

மாரிசெல்வம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "செத்தவளா?"

"செத்தவன்னுதான் ஏத்திவிட்டாக. அதுக்கப்புறம் ரெண்டு பிள்ள பெத்தா. அன்னையில இருந்து அவுகளுக்கு நிம்மதி போச்சு. ‘இன்ஜின் சத்தத்துல எனக்குக் கேக்காமப் போயிருந்தா? இதுக்கு முன்னாடி எத்தன பேரு கூப்பிட்டாகளோ?’ன்னு பொலம்புவாக. அதான் பெல்லு வச்சாக. ஏத்துற பொணம் ஒவ்வொண்ணு கையிலயும் சுவிட்ச வச்சு, விரல மடக்கி, துணியால கட்டிருவாக. எந்திரிச்சா அமுக்கட்டும்னு."

"அப்புறம் யாரும் அமுக்குனாகளா?"

"ஒருத்தரும் அமுக்கல."

"அந்தச் சுவிட்ச் எங்க ஆத்தா? அத யாரோ அறுத்து எடுத்திருக்காக."

பாக்கியம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்த ஒயர எடுக்காத. அது இருக்கட்டும்" என்றார்.

ஆனால் வின்சென்ட் கேட்கவில்லை. "நாளைக்கு இந்தச் சத்தத்தோட அம்மாவ எப்படி ஏத்துறது? அப்பாவ நெனச்சு அழுதுக்கிட்டே வரும். பிரஷர் ஏறிரும். புடுங்கி எறிங்கண்ணே. அம்மாகிட்டச் சொல்ல வேணாம்."

அன்று சாயங்காலம் மாரிசெல்வம் அந்த ஒயரைப் பிடுங்கினார். முதலில் வரவில்லை. எதிலோ மாட்டின மாதிரி நின்றது. அவர் காலை ஊன்றி இழுத்தபோது, பிடித்திருந்த கை விட்ட மாதிரி, ஒரேயடியாக வந்தது.

முனையில் சுற்றிய டேப்பைக் காணோம். உரிந்து போயிருந்தது. செம்பு முனையில் செம்மண் ஒட்டியிருந்தது.

ஈர மண்.

ஒயரைச் சுருட்டினார். பஸ்ஸரையும் கழற்றினார். இரண்டையும் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பேட்டரியைத் திரும்ப மாட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. சத்தம் இல்லை.

அவர் பஸ் ஏறி வீடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மழையில் கடைசி பஸ் வரவில்லை. வின்சென்ட் வீட்டிலேயே படுத்தார். மறுநாள் காலையில் அதே வண்டியில் கூட வந்துவிட்டால் ஓட்டமும் பார்த்த மாதிரி ஆச்சு, பழனிசெட்டிபட்டியில் இறங்கிக்கொள்ளவும் ஆச்சு என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். மழை விட்டிருந்தது. வின்சென்ட் ஓட்டினார். மாரிசெல்வம் பக்கத்தில், கால் மாட்டில் பை. பின்சீட்டு முழுக்கப் பாக்கியம்மாளுக்கு. புண் உள்ள காலை நீட்டி, தலையணையில் சாய்ந்துகொண்டார். வின்சென்டின் மனைவி ரோஸ்லின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

வண்டி நகர்ந்ததும் பாக்கியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே வின்சென்ட்டு, உங்க அப்பா இந்த வளைவுல ஹாரன் அடிப்பாக. அடிலே."

வின்சென்ட் அடித்தார். வண்டி ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டத்தைக் கடந்தது. பாக்கியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாரிசெல்வம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பையையே பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

உத்தமபாளையம் வந்தது. "நான் கொஞ்சம் கண்ணசர்றேன். எழுப்பாதீக" என்றார் பாக்கியம்மாள். சின்னமனூர் தாண்டியது. வெயில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வாழையும் நெல்லுமாக இருந்தது. வின்சென்ட் திராட்சை விலை பேசிக்கொண்டு வந்தார். மாரிசெல்வத்துக்கு முந்தைய நாள் நடந்ததெல்லாம் மழையிலும் இருட்டிலும் தன் மனசு செய்த வேலை என்றே தோன்ற ஆரம்பித்தது.

அப்போது கால் மாட்டில் இருந்து…

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்…

வின்சென்ட் திரும்பிப் பார்த்தார். "போனா அண்ணே?"

போன் இல்லை.

மாரிசெல்வம் ஜிப்பைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர்கள், டேப், சுருட்டின ஒயர். அதற்கு மேல் அந்தக் கறுப்பு பஸ்ஸர். அதில் ஒயர் மாட்டியிருக்கவில்லை. வெறும் இரண்டு பித்தளைக் காது மட்டும். அதைக் கையில் எடுத்தார்.

உள்ளங்கையில் அது துடித்தது.

நேற்று மாதிரி விட்டு விட்டு இல்லை. எடுக்காத விரல். அமுக்கினது அமுக்கினபடி.

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்…

அவர் பின்னால் திரும்பினார்.

பாக்கியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. காலைக் குளிர்க்காற்றில் வியர்வை. கண் பாதி திறந்திருந்தது. கறுப்பு விழி இல்லை. வெள்ளை மட்டும்.

"வண்டிய நிறுத்துங்க."

"அம்மா தூங்குதுண்ணே, எழுப்பாதீங்கன்னு…"

"நிறுத்துய்யா."

கையைத் தொட்டார். ஐஸ். கன்னத்தில் தட்டினார். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. மூக்கில் விரல் வைத்தார். மூச்சு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வின்சென்ட் ரோஸ்லினுக்குப் போன் போட்டார். "காலையில ஊசி போட்டியா? … போட்டியா… அம்மா சாப்பிட்டுச்சா? … நீ பாத்தியா?"

போனைக் காதில் வைத்தபடியே அவர் முகம் செத்துப்போனது.

"அண்ணே… இன்னைக்கு முதல் வெள்ளி. அம்மா ஒருசந்தி இருக்கும். பூசை பாக்காம பச்சத்தண்ணி குடிக்காது. ஊசியப் போட்டுக்கிட்டு, ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கு."

சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலின். வெறும் வயிறு. உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் இறங்கி, அந்த அம்மா தூக்கத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தார்.

ரோட்டோர டீக்கடையில் மாரிசெல்வம் சீனி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்துக்குள்ளும் ஈறிலும் தேய்த்தார். வண்டி பறந்தது. ஹாரனில் இருந்து வின்சென்ட் கையை எடுக்கவில்லை.

முன்சீட்டில் பஸ்ஸர் அடித்துக்கொண்டே வந்தது.

வீரபாண்டி.

பழனிசெட்டிபட்டி.

தேனி.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாரிசெல்வத்துக்குச் சட்டென்று ஊரே அமைதியான மாதிரி இருந்தது.

பஸ்ஸர் நின்றிருந்தது.

"இன்னும் கால் மணி நேரம் தூங்கட்டும்னு விட்டிருந்தா அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இந்த நிலைமையில பாக்குறவங்க தூக்கம்னு நெனைப்பாங்க. இன்னும் முத்திப்போனா பொணம்னே நெனைப்பாங்க."

மத்தியானம் பாக்கியம்மாள் நன்றாகக் கண் விழித்தார். காலையும் பார்த்துவிட்டார்கள். பெருவிரலை மட்டும் எடுத்தால் போதும், கால் தப்பித்தது என்றார்கள். வின்சென்ட் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், மாரிசெல்வம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பெல்லு அடிச்சுச்சுல்ல?" என்றார் பாக்கியம்மாள்.

"…ஆமா ஆத்தா."

"எனக்கும் கேட்டுச்சு. நான் அமுக்கல. அவுகதான் அமுக்குனாக."

"யாரு?"

"சுவிட்சு அவுககிட்டத்தான இருக்கு."

அந்த அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊரு பொணத்துக்கெல்லாம் கையில வச்சுவிட்டாக. அவுகளுக்கு யாரு வைக்கிறது? பெட்டி மூடுறதுக்கு முன்ன நான் போயி பாக்குவெட்டியால அறுத்து எடுத்தாந்து, அவுக வலது கையில வச்சு, விரல மடக்கி, ஜெபமாலையச் சுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது. பிள்ளைக பாத்தா ஏசுவாக. என் மனசு ஆறுறதுக்காகச் செஞ்சது… இன்னைக்கு என்னைய அதுதான் காப்பாத்துச்சு."

அந்த அம்மா சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. மாரிசெல்வத்துக்கும் கண் கலங்கியது. போன உயிர், இருக்கிற உயிரைக் காப்பாற்றியது. அப்படியே அவர் வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

வராந்தாவில் ரோஸ்லின் எதிரே வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்த பொழச்சதே பெருசுண்ணே. எங்க மாமாவும் இப்படித்தான். அவுகளுக்கும் சுகர் இருந்துச்சு. ஊசி போட்டுட்டு மத்தியானம் படுத்தாக. வேர்த்து ஊத்திக் கெடந்தாக. தொட்டா ஐஸாட்டம் இருந்துச்சு. நாடி புடிச்சுப் பாத்தவுக முடிஞ்சுபோச்சுன்னுட்டாக. மறுநாளே எடுத்துட்டோம்."

மாரிசெல்வம் ரோஸ்லினை வராந்தா ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்தப் பெல்லு… அது எப்ப இருந்து தானா அடிக்குது?"

"அடக்கம் பண்ணுன அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சுண்ணே, சனியன். கல்லறைத் தோட்டத்துல இருந்து வந்து உக்காருறோம், ஷெட்டுக்குள்ள கெடந்து கத்துது. மொதல்ல படபடன்னு, விட்டு விட்டு. இவுக போயி, ஷார்ட் ஆயிருக்கும்னு பேட்டரிய கழட்டிப்போட்டுட்டு வந்து படுத்துட்டாக. அதுக்கப்புறமும் எனக்குக் கேட்டுச்சு. சொன்னா ஏசுனாக. பேட்டரி இல்லாம எப்படிடி அடிக்கும்னு."

"ஆத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவுகள அன்னைக்கே தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. நான் மட்டும்தான் முழிச்சுக் கெடந்தேன். ராத்திரி போகப் போக மெதுவாயிருச்சு. ஒரு தரம் அடிக்கும். ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு தரம். விடியக்காலம் ஒரே ஒரு தடவ நீளமா அடிச்சுச்சு…"

ரோஸ்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதோட நின்னுபோச்சு."

சுவிட்சு எங்கே இருந்தது என்பது ரோஸ்லினுக்குத் தெரியாது. அன்றைக்குப் பெல் அடித்தது பாக்கியம்மாளுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் அந்த வராந்தாவில் ஒருவர்தான்.

வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். வின்சென்ட் மருந்துப் பையோடு திரும்பி வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேட்டரியைக் கழற்றிய கையால் அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாரிசெல்வத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க இல்லாட்டி இன்னைக்கு… சரி, அந்தச் சத்தம் கடைசியில என்னதாண்ணே? ஷார்ட்டுதானே?"

மாரிசெல்வம் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஆமா தம்பி" என்றார். "ஷார்ட்டுதான்."